பத்தாயிரம் ஆட்டமும் பதினோரு எம்பியும்

"கார்டு நிறைஞ்சு போச்சு சார், இன்னும் பெரிய கார்டா ஒண்ணு வாங்கிடட்டுமா?" பழைய வீடியோ கேம் ஆடறதுக்காக ராஸ்பெரி பை வச்சிருக்கற வீடுகள்ல இருந்து இந்தக் கேள்வி ஆறு மாசத்துக்கு ஒரு தரம் எனக்கு வருது. பதில் எப்பவும் ஒண்ணுதான். வேணாம். இருக்கற கார்டைக் காலி பண்ணுங்க. ஆனா எதைக் காலி பண்றீங்கன்னு பார்த்துப் பண்ணுங்க. ஏன்னா நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலானவங்க தூக்கிப் போட வேண்டியதைப் பத்திரமா வச்சுக்கிட்டு, வச்சுக்க வேண்டியதைத் தூக்கிப் போடறாங்க. இன்னிக்கு அதைப் பத்தித்தான்.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ராஸ்பெரி பைங்கறது சீட்டுக்கட்டு அளவுல ஒரு குட்டிக் கணினி. பிள்ளைங்க நிரல் எழுதக் கத்துக்கணும்னு பிரிட்டன்ல ஒரு அறக்கட்டளை 2012-ல 35 டாலருக்கு வெளியிட்டாங்க. கேரள அரசுகூட 2014 வாக்குல 'லேர்ன் டு கோட்'னு திட்டம் போட்டு, பள்ளிப் பிள்ளைங்களுக்கு இந்தப் பலகையைக் குடுத்தது. பிள்ளைங்க நிரல் எழுதினாங்களோ இல்லையோ, உலகம் பூரா அப்பாக்கள் இதுக்குக் கண்டுபிடிச்ச உபயோகம் வேற. ரெட்ரோபைங்கற இலவச மென்பொருளை ஏத்தி, டிவியில செருகி, ரெண்டு ஜாய்ஸ்டிக் மாட்டினா போதும். நாம தொண்ணூறுகள்ல ஆடின மரியோ, கான்ட்ரா, முஸ்தபா எல்லாம் வரிசையா வந்து நிக்கும். (முஸ்தபாவோட நிஜப் பேரு 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', 1993-ல கேப்காம் கம்பெனி விட்டதுன்னு எனக்கு முப்பது வயசுக்கு மேலதான் தெரியும். விழுப்புரம் கடையில போய் அந்தப் பேரைச் சொல்லியிருந்தா காசைத் திருப்பிக் குடுத்து அனுப்பியிருப்பாங்க :-))

நான் கணினி ஆளு இல்லை. படிச்சது பி.காம். வேலை வங்கியில. சொந்த ஊர் விழுப்புரம். மாத்தல்ல மாத்தலா அலைஞ்சு இப்போ திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில, கோட்டை மதிலுக்கு உள்ள ஒரு தெருவுல மாடிப் போர்ஷன். அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ல ஏறினா ஒரு ராத்திரி தூரம்னு சொல்லிக்கறது, டிக்கெட் கிடைக்கறப்பதான் நிஜம். இங்க ஆபீஸ்லயும் தெருவுலயுமா இருக்கற தமிழ்க் குடும்பங்கள்ல அஞ்சு பெட்டியை இதுவரைக்கும் நான் காலி பண்ணிக் குடுத்திருக்கேன். கூலி, ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி. அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல இந்தப் 'பத்தாயிரம் ஆட்டம் உள்ள கார்டு' சமாசாரம். இப்போ கடையிலயும் ஆன்லைன்லயும் ஏற்கெனவே ஆட்டங்களை நிரப்பின கார்டு விக்கறாங்க. வாங்கறவங்க நம்ம வயசுக்காரங்கதான். நமக்கு இது புதுசா என்ன? சாமுராய், லிட்டில் மாஸ்டர்னு டிவியில மாட்டற பெட்டி வந்த காலத்துல, '9999 இன் 1'னு மஞ்சள் கேசட் ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? லீவு பூரா உருட்டிப் பார்த்தாலும் உள்ள இருந்தது கொஞ்சம் ஆட்டம்தான். ஒரே கான்ட்ரா நாப்பது பேருல வரும். ஒண்ணுல முதல் கட்டத்துல ஆரம்பிக்கும், ஒண்ணுல மூணாங்கட்டத்துல, ஒண்ணுல கையில ஸ்ப்ரெட் துப்பாக்கியோட. அன்னிக்கு 9999-னு போட்டு நம்மளை ஏமாத்தினான். இன்னிக்கு நிஜமாவே பத்தாயிரம் குடுக்கறான், அதனால ஏமாந்த மாதிரி தெரியலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாசம் வந்த பெட்டியை ஆடிட் பண்ணின கணக்கைச் சொல்றேன். கார்டு மேல 128 ஜிபின்னு போட்டிருக்கு. பெட்டிக்குள்ள பார்த்தா 119. இது மோசடி இல்லை. கார்டு கம்பெனி ஆயிரம் ஆயிரமாப் பெருக்குவான், கணினி 1024, 1024-ஆ வகுக்கும். கடன் வாங்கறப்ப சாங்ஷன் தொகை ஒண்ணு, கையில வர்றது ஒண்ணு இல்லையா, அந்த மாதிரி. அதுலயும் லினக்ஸ் வழக்கமா 5 சதவீதத்தைத் தனக்குன்னு ஒதுக்கி வச்சுக்கும், ரிசர்வ் வங்கி சிஆர்ஆர் மாதிரி. ஆக நம்ம புழக்கத்துக்கு 113 ஜிபி. அதுல பிளேஸ்டேஷன் ஃபோல்டர் மட்டும் 64. ஆட்டங்களோட முன்னோட்டக் காணொளிகள் 19. ஆர்கேட் 17. நின்டென்டோ, சேகா, கேம்பாய்னு கேசட் போட்டு ஆடின அத்தனை பெட்டிகளோட ஆட்டமும் சேர்ந்து 7. மிச்சம் சிஸ்டம். இடம் சுத்தமா இல்லை.

இந்த ஏழு ஜிபியைப் பாருங்க. எண்ணிக்கையில முக்கால்வாசிக்கு மேல இதுலதான் இருக்கு. நம்ம சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆட்டம் மொத்தமே 40 கேபி. கான்ட்ரா 128 கேபி. போன்ல எடுக்கற ஒரு போட்டோவுக்குள்ள அம்பது மரியோ அடங்கும். 2016-ல நின்டென்டோவே பழைய பெட்டியைக் குட்டியாச் செஞ்சு முப்பது ஆட்டத்தோட வித்தாங்க. அதுக்குள்ள வச்ச மொத்த இடமே 512 எம்பிதான். அதனால இடம் வேணும்னு கேசட் ஆட்டங்களை ஒவ்வொண்ணா நீக்கிக்கிட்டு உட்கார்றது, வராக்கடன் கோடிக்கணக்கா கிடக்க, சேமிப்புக் கணக்குல பத்து ரூபா பாக்கி உள்ளவனைத் தேடிப் போற கதை.

சரி, எங்க கை வைக்கறது? எதையும் நீக்கறதுக்கு முன்னால கார்டு முழுசா உபயோகத்துல இருக்கான்னு பாருங்க. கடைக்காரங்க 32 ஜிபி கார்டுல இருந்ததை அப்படியே 128 ஜிபி கார்டுக்கு நகல் எடுத்துக் குடுத்துடறாங்க. பெட்டிக்கு 32-தான் கண்ணுக்குத் தெரியும். மிச்ச 96 பூட்டின அறை மாதிரி சும்மா கிடக்கும். ராஸ்பி கான்ஃபிக்ங்கற நிரல்ல, மேம்பட்ட அமைப்புகள்ங்கற இடத்துல, ஃபைல் சிஸ்டத்தை விரிவாக்கறதுக்கு ஒரு வரி இருக்கும். அதைத் தட்டி, ஒரு தரம் அணைச்சுப் போட்டா முடிஞ்சது. அஞ்சு பெட்டியில ரெண்டு பெட்டிக்கு இதுதான் வைத்தியம். ஒரு ஆட்டத்தைக்கூட நீக்கலை, காப்பி மட்டும் கிடைச்சுது. (ஒரு எச்சரிக்கை. ரொம்ப மலிவா வாங்கின கார்டுன்னா, மேல 128 போட்டு உள்ள 16 இருக்கற போலியும் நிறைய சுத்துது. எஃப்3-ன்னு ஒரு இலவச நிரல், கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படிச்சு உண்மையைச் சொல்லிடும்.)

அதுக்கப்புறம் முன்னோட்டக் காணொளிகள். மெனுவுல ஒரு ஆட்டத்து மேல நின்னா, பக்கத்துல ஒரு துண்டுப் படம் ஓடுமே, அது. ஒவ்வொண்ணும் சில எம்பி. 40 கேபி ஆட்டத்துக்கு 4 எம்பி விளம்பரம், அதாவது சரக்கைப் போல நூறு மடங்கு. எனக்கு இதுல தயவு தாட்சண்யமே கிடையாது. மொத்தமாக் காலி பண்ணலாம். அட்டைப் படம் வேணும்னா இருக்கட்டும், அது சின்னது, பிள்ளைங்களுக்கு அடையாளம் தெரியும்.

பிளேஸ்டேஷன் கதை வேற. அது சிடியில வந்த ஆட்டம். ஒரு சிடி 650, 700 எம்பி வரைக்கும் போகும். ஃபைனல் ஃபேண்டசி 7 மூணு சிடி, 8-உம் 9-உம் நாலு நாலு சிடி. இதுகளை நீக்கணும்னு இல்லை, சுருக்கலாம். சிஎச்டின்னு ஒரு வடிவம் இருக்கு. ஆர்கேட் ஆட்டங்களைப் பாதுகாக்கற மேம் திட்டக்காரங்க உருவாக்கினது. சிடியை ஒரு துளிகூட இழக்காம அமுக்கி ஒரே கோப்பா ஆக்கிடும், பெட்டி அதை அப்படியே படிச்சு ஆட்டத்தை ஓட்டும். எவ்வளவு மிச்சமாகும்ங்கறது ஆட்டத்தைப் பொறுத்தது. சிலது பாதியாகும், சிலது பிடிவாதமா கொஞ்சம்தான் இளைக்கும். போன மாசப் பெட்டியில 64, 41 ஆச்சு. ராத்திரி மடிக்கணினியில ஓட விட்டுட்டுத் தூங்கிட்டேன்.

ஒரே ஆட்டம் அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, ஜப்பான் பதிப்புன்னு மூணு நாலு தரம் இருக்கும். ஜப்பான் மொழி எந்த வீட்லயும் யாருக்கும் தெரியாது. தாராளமா நீக்குங்க. ஆனா நீக்கறதுக்கு முன்னால அடுத்து நான் சொல்லப் போறதைப் படிச்சுட்டு நீக்குங்க.

ஆட்டம் வேற, ஆட்டத்துல நாம விட்ட இடம் வேற. இதைத்தான் இவ்வளவு நேரமா சொல்ல வந்தேன். எங்க வங்கி பாஷையில சொன்னா, ஆட்டம்ங்கறது வெத்துப் படிவம். சலான், விண்ணப்பம் மாதிரி. தீர்ந்து போனா இன்னொரு கட்டு வாங்கிக்கலாம். சேவ் கோப்பு அப்படி இல்லை. அது எழுதின பேரேடு. ஒருத்தர் தன் கையால, தன் நேரத்தைச் செலவழிச்சுப் பதிவு பண்ணினது. உலகத்துல ஒரே ஒரு பிரதிதான் இருக்கு, அதுவும் அந்தக் கார்டுல. வங்கிகள் எந்தப் பதிவேட்டை அஞ்சு வருஷம் வைக்கணும், எதை எட்டு வருஷம் வைக்கணும்னு 1985-லயே தனியா விதி இருக்கு. வெத்துப் படிவத்தை எத்தனை வருஷம் வைக்கணும்னு எந்த விதியும் இல்லை. இப்படி ஒரு விதி வீட்டுப் பெட்டிக்கு இல்லாததுதான் கோளாறு.

அளவைப் பாருங்க. பழைய நின்டென்டோ செல்டா ஆட்டத்துல பேட்டரி வச்சுக் காப்பாத்தின நினைவு 8 கேபி. பிளேஸ்டேஷனோட மெமரி கார்டு முழுசா 128 கேபி. போகிமான் எமரால்டு ஆட்டம் 16 எம்பி, அதோட சேவ் 128 கேபி. போன மாசம் வந்த பெட்டியில, அந்தக் குடும்பம் ரெண்டு வருஷம் ஆடின அத்தனையும் சேர்ந்து 11 எம்பி. 113 ஜிபியில 11 எம்பி! பத்தாயிரம் ரூபாயில ஒரு ரூபாகூடத் தேறாது. இடம் மிச்சம் பிடிக்க இதை நீக்கறதுல அர்த்தமே இல்லை. ஆனா எல்லாரும் இதைத்தான் முதல்ல இழக்கறாங்க. காரணம் ரெட்ரோபையோட அமைப்பு. அது சேவ் கோப்பைத் தனி இடத்துல வைக்கறதில்லை. ஆட்டம் இருக்கற அதே ஃபோல்டர்ல, ஆட்டத்துக்குப் பக்கத்துலயே வைக்குது. எஸ்ஆர்எம், ஸ்டேட்னு வாயில நுழையாத வால் இருக்கும். பார்க்கறவங்களுக்குக் குப்பை மாதிரி தெரியும். ஃபோல்டரை நீக்கினா அதுவும் கூடவே போயிடும்.

எங்க தெருவுல சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு. பொண்ணு அப்போ எட்டாவது. அது போகிமான் எமரால்டு ஆடும். பிடிச்ச ஒவ்வொரு போகிமானுக்கும் ஒரு பேர் வைக்கலாம். பத்து எழுத்துதான், அதுவும் ஆங்கில எழுத்து. 'பெரியப்பா' உள்ள போயிடுச்சு. 'ராசாத்தி அத்தை' போகலை, 'அத்தை' மட்டும் போச்சு. ஊர் பேரை வைக்கப் பார்த்து, இடம் பத்தாம 'கோவில்'னு நின்னுடுச்சு. ஊர்ல விட்டுட்டு வந்த நாய் பிரவுனி, அதுவும் ஒண்ணு. கார்டு நிறைஞ்சுதுன்னு அப்பா ஒரு கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனார். அவங்க புதுசா, பெருசா ஒரு கார்டைப் போட்டு, அதுல இன்னும் அதிக ஆட்டத்தை நிரப்பி, பழைய கார்டைத் துடைச்சு வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. "எல்லா ஆட்டமும் இருக்கு சாரே, கூடுதலாவே இருக்கு"ன்னாங்களாம். நிஜம்தான், எமரால்டும் இருந்துச்சு. முதல் பக்கத்துல இருந்து.

என்னைக் கூப்பிட்டது அதுக்கப்புறம்தான். செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, கார்டே கையில இல்லையே. அப்பா, "விடும்மா, முதல்ல இருந்து ஆடிக்கோ, அதான் ஆட்டம் இருக்குல்ல"ன்னார். அது அழலை. "அங்கிள், அதுல பிரவுனி லெவல் 62"ன்னு மட்டும் என்கிட்ட சொல்லிச்சு. அப்பாவுக்கு என்ன போச்சுன்னு கடைசி வரைக்கும் புரியலை. தப்பு சொல்ல மாட்டேன். வெளியில இருந்து பார்த்தா, இருந்ததை விட இப்போ அதிகமா இருக்கு. கணக்குப்படி லாபம்.

நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு இது புரியாம இருக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணும். மாத்தல் ஆர்டர் வந்தா எட்டு அட்டைப் பெட்டியில வீட்டை அடக்கறவன் நான். இதைப் படிக்கற உங்கள்ல பாதிப் பேர் 23 கிலோ சூட்கேஸ்ல அடக்கினவங்க. ஏர்போர்ட்ல எடை கூடிப் போச்சுன்னா எதை வெளிய எடுப்பீங்க? சட்டையை எடுப்பீங்க, புது ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுப்பீங்க. அது அங்கயும் கிடைக்கும். அம்மா கையால எழுதின பொடி அளவு நோட்டை எடுப்பீங்களா? அதோட எடை நூறு கிராம்கூட இல்லை. சூட்கேஸ்ல சரியாத்தான் செய்யறோம். கணினின்னு வந்ததும் புத்தி மாறிப் போகுது.

எங்க கோட்டைக்குள்ளயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. கேரள அரசோட மத்திய ஆவணக் காப்பகம். 2022 டிசம்பர்ல அங்க ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஊர்ல இருந்து யாராவது வந்தா கோயில் தரிசனம் முடிஞ்சதும் நான் அங்க கூட்டிக்கிட்டுப் போயிடுவேன் (எங்க வீட்டம்மா சாலை பஜாருக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள). திருவிதாங்கூர் காலத்து நிர்வாகக் குறிப்பு, நிலம், வரி, கணக்கு. ஓலை பனை மரத்துல நிறைய கிடைக்கும். அந்த ஓலைக்கு மதிப்பு வந்தது, அன்னிக்கு ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்து எழுத்தாணியால கீறினதால.

ஆகவே ஆட்டத்தைச் சுத்தம் பண்றதுக்கு முன்னால செய்ய வேண்டியது: சேவ் கோப்பு எல்லாத்தையும் தனியா ஒரு பென் டிரைவ்ல நகல் எடுங்க. எஸ்ஆர்எம்னு முடியறதும், ஸ்டேட்னு முடியறதும் ரெண்டும். அதுல எஸ்ஆர்எம்தான் உசத்தி. அது ஆட்டத்துக்கு உள்ள போய் நாமளா 'சேமி'ன்னு கொடுத்தது, அதனால நாளைக்கு வேற பெட்டி, வேற மென்பொருள் வந்தாலும் பெரும்பாலும் எடுத்துக்கும். ஸ்டேட் அப்படியே உறைய வச்ச போட்டோ மாதிரி. மென்பொருள் பதிப்பு மாறினா திறக்காமப் போகலாம். பிள்ளைங்களுக்கு ஸ்டேட்தான் சுலபம், ஒரு பட்டனை அமுக்கினா போதும். ஆனா வாரம் ஒரு தரமாவது ஆட்டத்துக்குள்ள போய்ச் சேமிக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, பேர். சேவ் கோப்பு ஆட்டத்தோட பேரை வச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சுக்கும். ஆட்டம் 'எமரால்டு யுஎஸ்ஏ'ன்னு இருந்தா சேவும் அதே பேருல இருக்கணும். அழகா இருக்கட்டும்னு நீங்க ஆட்டத்தோட பேரை மட்டும் மாத்தினீங்கன்னா, சேவ் அங்கயே இருக்கும், ஆனா பெட்டி கண்டுக்காது. பாஸ்புக்ல இனிஷியல் ஒண்ணு, ஆதார்ல இனிஷியல் ஒண்ணுன்னு வந்து நிக்கறவங்களை தினம் பார்க்கறேன், அதே கதைதான். மூணு பதிப்புல எதை நீக்கறதுன்னு வர்றப்பவும், எதுக்குப் பக்கத்துல சேவ் இருக்கோ அதை வச்சுக்கிட்டு மத்ததை நீக்குங்க.

எதை ஆடறாங்க, எதை ஆடலைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கேட்க வேணாம். கேட்டா எல்லாமே வேணும்பாங்க. கேம்லிஸ்ட்னு ஒரு கோப்புல எந்த ஆட்டத்தை எத்தனை தரம் திறந்தாங்க, கடைசியா என்னிக்குன்னு பெட்டியே எழுதி வச்சிருக்கும். வங்கியில ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லைன்னா கணக்கு செயல்படாததுன்னு ஆகிடும். பத்து வருஷம் யாரும் கேட்காத பணத்தை ரிசர்வ் வங்கியோட ஒரு நிதிக்கு அனுப்பிடுவோம், உரியவர் வந்து கேட்டாத் திரும்பக் கிடைக்கும். நானும் அப்படித்தான். அழிக்கறதில்லை, பழைய ஹார்டு டிஸ்க் ஒண்ணுக்கு மாத்திடறேன். கேட்டா எடுத்துக் குடுக்கலாம். அஞ்சு வீட்ல இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான் ஒரே ஒரு ஆட்டத்தைக் கேட்டார். அந்தப் பத்தாயிரம் ஆட்டத்துப் பெட்டியில திறந்து பார்த்தது மொத்தம் இருபத்து மூணு.

பெரிய கார்டு மலிவாச்சே, எதுக்கு இத்தனை பாடுன்னு கேட்பீங்க. பணம் பிரச்சினை இல்லை. பத்தாயிரம் பேர் வரிசையா ஓடற பட்டியலை வச்சுக்கிட்டு ஒரு பிள்ளை என்ன பண்ணும்? ஒவ்வொண்ணையும் ஒரு நிமிஷம் திறக்கும், மூடும். எதையும் முடிக்காது. கோயிலுக்கு எதிர்ல 'மேத்தன் மணி'ன்னு ஒரு கடிகாரம் இருக்கு, 19ஆம் நூற்றாண்டுல செஞ்சது. தாடிக்கார முகம் ஒண்ணு, மணிக்கு மணி ரெண்டு ஆடு வந்து அதோட கன்னத்துல முட்டற மாதிரி. இருக்கறது ஒரே ஒரு வேடிக்கை. அதை எத்தனை தலைமுறை அண்ணாந்து பார்த்திருக்கு! முப்பது ஆட்டத்தோட விட்டுப் பாருங்க, பிள்ளைங்க கடைசிக் கட்டம் வரைக்கும் போவாங்க.

இன்னொரு வாதம் உண்டு, அதுக்கு மட்டும் நான் தலை வணங்கறேன். பழைய ஆட்டங்கள் அழிஞ்சுக்கிட்டு வருது, அதனால எல்லாத்தையும் சேர்த்து வைக்கணும்ங்கறது. அமெரிக்காவுல வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2010-க்கு முன்னால அங்க வெளியான ஆட்டங்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில விலைக்கே கிடைக்கறதில்லைன்னு. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா அது காப்பகங்கள் செய்ய வேண்டிய வேலை. எங்க இருந்தோ யாரோ திரட்டி, யாருக்கும் காசு குடுக்காம, பதிப்பு எதுன்னுகூடத் தெரியாம விக்கற கார்டு காப்பகம் ஆகாது. நம்ம பதிப்புரிமைச் சட்டம் 1957, 52-ஆம் பிரிவுல, முறையா வாங்கி வச்சிருக்கறவர் பாதுகாப்புக்காகத் தன் நிரலை ஒரு நகல் எடுத்துக்கலாம்னு இடம் குடுத்திருக்கு. பழைய கேசட்டோ சிடியோ கையில இருந்தா அந்த நகலைப் பத்திரமா வைங்க. வாங்காத பத்தாயிரத்துக்கு அந்தப் பிரிவுல இடம் இல்லை.

கடைசியா நம்ம ஊர் நிலவரத்துக்கு ஏத்த ஒரு விஷயம். ஆட்டத்துக்குள்ள சேமிச்சா உடனே கார்டுல எழுதிடும்னு நினைக்காதீங்க. ரெட்ரோபைக்குள்ள இருக்கற ரெட்ரோஆர்ச், அமைப்பை மாத்தாத வரைக்கும், ஆட்டத்தை விட்டு முறையா வெளிய வர்றப்பதான் எஸ்ஆர்எம் கோப்பை எழுதும். நடுவுல கரண்டு போனாலோ, பால் பொங்குதுன்னு ஓடற அவசரத்துல யாராவது சுவிட்சைத் தட்டினாலோ, அன்னிக்கு ஆடினது அவ்வளவுதான். கார்டு சுத்தமா நிறைஞ்சிருந்தாலும் எழுத இடம் இல்லாமப் போகும், அதுவும் சத்தமே போடாம. காலி பண்ண வேண்டிய நிஜமான காரணம் இதுதான், புது ஆட்டம் ஏத்தறதுக்கு இல்லை. ஒண்ணு ரெண்டு ஜிபி எப்பவும் சும்மா கிடக்கட்டும். அமைப்புல எஸ்ரேம் ஆட்டோசேவ்னு ஒரு வரி இருக்கும், அதுல 60 வினாடின்னு வச்சுடுங்க. துலாமாத இடி மழையில திருவனந்தபுரத்துல கரண்டு எப்போ போகும்னு பத்மநாபனுக்கே வெளிச்சம்.

சங்கரன்கோவில் பொண்ணு இப்போ பத்தாவது. மறுபடி எமரால்டை முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு. சேவ் நகல் மாசம் ஒண்ணு என் பென் டிரைவ்ல ஏறுது, இன்னொண்ணு அதோட சித்திக்கு மெயில்ல போகுது. 128 கேபிதானே.